மரைக்காயர் வண்டிக்குப் போன ராலி இன்ஜின்

1. ஞாயிற்றுக்கிழமை காலை வந்த போன்

"சவரித் தம்பி, எங்க வண்டிக்குப் பேய் புடிச்சிருக்குப்பா!"

காலை ஏழு மணிக்கு கராஜ் போனை எடுத்ததும் என் காதில் விழுந்தது இதுதான். பேசியவர் காதர் மரைக்காயர். காரைக்கால்காரர், சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். ஊரிலேயே மெதுவாகக் கார் ஓட்டுகிறவர் யார் என்று கேட்டால் எங்கள் கராஜில் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வோம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் பின்னால் மணியடித்து, அவரை ஓரம் கட்டிவிட்டு முந்திப் போவார்கள். அதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதே இல்லை. கையசைத்து வழி விடுவார்.

"என்ன செய்யுது பாய்?"

"நா ஒண்ணும் செய்யல தம்பி. கால வச்சேன். வச்சதுதான் தெரியும். வூட்டு வாசல்ல இருந்தவன், 'தான் தின்' சந்தைக்கு வந்துட்டேன். நடுவுல என்னா நடந்துச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"பிரேக் பிடிக்குதா?"

"பிரேக்கு புடிக்கிறதாலதான் உங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்!"

பின்னால் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர் மனைவி மரியம். வியட்நாம்காரப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு காரைக்கால் தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டவர். "ரிப்பேர் கிப்பேர் ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க! வண்டி இப்பத்தான் நல்லா இருக்கு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பத்து மணிக்கு மோட்டார் கிளப் போட்டி. அதில் எங்கள் கராஜின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய ராலி இன்ஜின் இப்போது எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு போனிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அது மரைக்காயர் வண்டிக்குள் இருந்தது.

2. சோப்புப் பெட்டி

இன்று வண்டியில் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பிரான்ஸ் தயாரிப்பு. கம்பெனி வைத்த பெயர் எதுவோ, சைகோன் தமிழர்கள் நாங்கள் அதை 'சோப்புப் பெட்டி' என்றுதான் சொல்வோம். நான்கு கதவு, நான்கு மூலை, வளைவு நெளிவே கிடையாது. இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். புதிதாக வாங்கிய ஒரு பாதிரியார் முன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜினை யாரோ திருடிவிட்டார்கள் என்று கராஜுக்கு ஓடி வந்தார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பின்பக்கத்தைத் திறந்து காட்டினோம்.

குடும்பத்துக்கென்றே பிறந்த வண்டி அது. வாத்தியார், மருந்துக்கடைக்காரர், துணி வியாபாரி என்று அளவான வருமானக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். சைகோன் மழையில் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதும் உள்ளே ஏழு பேரை அடைத்துக்கொண்டு முனகிக்கொண்டே வீடு போய்ச் சேரும். ஒரே குறை, பாரமெல்லாம் பின்னால் என்பதால் முன்பக்கம் லேசாக இருக்கும். கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. அதற்கு முன் டிக்கியில் ஓர் அரிசி மூட்டை போட்டு ஓட்டுவார்கள். மரைக்காயருக்கு அந்த அவசியமே வந்ததில்லை. அவர் ஓட்டும் வேகத்தில் ஸ்டீயரிங் தூங்கிவிடும்.

சில வருஷம் போனதும் பிரான்ஸில் வாலிபப் பிள்ளைகள் இதே சோப்புப் பெட்டியை வாங்கி, கிண்டி, முடுக்கி, மலைப்பாதைகளில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரன் பார்த்தான். இந்தக் கூத்தை நாமே செய்து விற்றால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் ராலி மாடல். உடம்பு அதே உடம்பு. உள்ளே பெரிய பிஸ்டன், முரட்டு கேம்ஷாஃப்ட், கெட்டியான ஸ்பிரிங். முன்னால் கூடுதலாக ஒரு மீட்டர், வெளியே இரண்டு கறுப்புப் பட்டை. சாம்பல் கிண்ணம், பின்சீட்டுக் கைப்பிடி என்று குடும்பத்துக்கு வேண்டிய சாமானை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு விலையை மட்டும் ஏற்றி வைத்தான். அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள் ஐயா!

சைகோனுக்கு வந்த ஒரே ராலி மாடலை வாங்கியவர் பல் டாக்டர் லாம். முப்பது வயது, கல்யாணம் ஆகாத வியட்நாம்காரர். பல்லைப் பிடுங்கும்போது கை நடுங்காது, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் சந்தோஷத்தில் நடுங்கும். அவரிடம் பேசிப் பேசி அந்த வண்டியை விற்றவர் எங்கள் முதலாளி முசியே அந்துவான். புதுச்சேரி கிறிஸ்தவர், வெடுக்கென்று பேசுவார், ஆனால் நேர்மையானவர். போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் என் நீல உடுப்பைக் கழற்ற வைத்து, 'ஷெஃப்' என்கிற தலைமை மெக்கானிக் போடும் வெள்ளைக் கோட்டைக் கொடுத்திருந்தார். பதினோரு வருஷம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தவனுக்கு அந்தக் கோட்டு என்ன என்பது வேறு யாருக்கும் புரியாது. கண்ணாடி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"தோ பார் சவரி," என்றார் முதலாளி. "ஊரே பாக்க வருது. ஞாயித்துக்கிழமை அந்த வண்டி மாட்டு வண்டி மாதிரி போச்சுன்னா, திங்கக்கிழமை இந்தக் கோட்ட என் மேஜையில வச்சிட்டு அப்படியே கேட்டத் தாண்டிப் போய்டு. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது.

3. பூஜை போட்டோம்

அந்த வாரம் இரண்டு சோப்புப் பெட்டிகள் எங்கள் பட்டறையில் இருந்தன. இரண்டும் வெள்ளை. டாக்டர் வண்டி போட்டிக்கு முன் வால்வு பார்க்க வந்தது. மரைக்காயர் வண்டி கிளச் தட்டு மாற்ற வந்தது. இந்த மாடலில் கிளச்சைத் தொட வேண்டுமானால் இன்ஜினைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் இரண்டு இன்ஜினும் பக்கத்துப் பக்கத்து ஸ்டாண்டில். வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் எல்லாம் உள்ளேதான். அடையாளத்துக்கு ஒன்றில் சாக்கட்டியால் 'டா' என்றும் மற்றதில் 'ம' என்றும் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. முதலாளி தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான். ஆனாலும் ஒரு வருஷம் பூஜை வேண்டாம் என்று சொல்லி, அடுத்த வாரமே ஜாக்கி நழுவி அவர் கால் கட்டைவிரலில் விழுந்ததிலிருந்து மறுபேச்சுப் பேசுவதில்லை. பூஜை வேலை எல்லாம் கோவிந்துவின் பொறுப்பு. வில்லியனூர்க்காரன், என் வயது, கை சுத்தமான மெக்கானிக். அன்று பட்டறையில் உள்ள ஸ்பேனர் முதல் கம்ப்ரசர் வரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பான். இரண்டு இன்ஜினையும் துடைத்தான். 'டா'வும் போயிற்று, 'ம'வும் போயிற்று. பிறகு ஸ்டாண்டோடு உருட்டிக்கொண்டு போய் அம்மன் படத்துக்கு முன்னால் கிழக்கே பார்க்க நிறுத்தினான். சந்தனம் வைக்கச் சமமான இடம் தேடினான். இன்ஜின் பிளாக்கில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கம்பெனிக்காரன் இன்ஜின் எண்ணைக் குத்தியிருக்கும் இடம். அங்கே சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டான்.

பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை சாமானைத் தொடக்கூடாது. பொட்டைச் சுரண்டவும் கூடாது, தானாக உதிர வேண்டும். நான் கிறிஸ்தவன்தான், ஆனால் பொரியும் சுண்டலும் தின்ற வாயால் இல்லை என்று சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை, மதியத்துக்குள் இரண்டு வண்டியும் வேண்டும் என்று முதலாளி தலைக்கு மேல் நின்றார். ஸ்டாண்டுகள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. இடது பக்கம் டாக்டர், வலது பக்கம் மரைக்காயர் என்று என் தலையில் பதிந்திருந்தது. கோவிந்து திருப்பி உருட்டி வரும்போது இடம் மாற்றி விட்டிருந்தான். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோட்டுப் போட்ட பிறகு கேட்பது கௌரவக் குறைவாக வேறு இருந்தது. மாட்டினேன். மரைக்காயர் வண்டி ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் திணறி உறுமியது. 'மழை ஈரம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டிப் பார்க்கலாம் என்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, தெருவெல்லாம் ஆறு. இருவரும் அந்தத் தண்ணீரில் ஊர்ந்தே வீடு போனார்கள். அதனால் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

4. என் வண்டி, என் பெண்டாட்டி, என் பிரியாணி

மரைக்காயரின் போனை வைத்த பத்தாவது நிமிஷம் டாக்டர் லாம் கறுப்புப் பட்டை வண்டியில் வந்து இறங்கினார். டயர் காற்றுப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். முகம் தொங்கிப்போயிருந்தது.

"சவரி, வழியில் ஐஸ்காரனின் மூன்று சக்கர வண்டி என்னை முந்தியது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்," என்றார் பிரெஞ்சில்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தாலே உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இப்போது மாற்ற முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு இன்ஜினை இறக்கி, இரண்டை ஏற்ற, இரண்டு ஆளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். இருந்தது நான் ஒருவன். டாக்டர் சட்டைப் பையிலிருந்து போட்டி விண்ணப்பத்தின் நகலை எடுத்து வாசித்தார். ஓட்டுநர் பெயர். கார் தயாரித்த கம்பெனி. இன்ஜின் எண். அவ்வளவுதான். கறுப்புப் பட்டை இருக்க வேண்டும் என்றோ, கார் யாருடையது என்றோ ஒரு வரி இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நொடி சந்தைக்குக் கிளம்பினோம், இன்னும் இரண்டு பேர் எங்களை முந்திப் போனார்கள்.

மரைக்காயர் வண்டியை நிறுத்திவிட்டு, அது ஓடிவிடுமோ என்பது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரியம் உள்ளே உட்கார்ந்து வேக மீட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கத்தைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவரால் சந்தனத்தைப் பாதி சுரண்டினேன். உள்ளே இருந்த எண்ணும் விண்ணப்பத்தில் இருந்த எண்ணும் ஒன்றுதான்.

விஷயத்தைச் சொன்னோம். மரைக்காயர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப பேய் இல்ல. நம்ம சவரிதான்."

"பாய், நாலு மணி நேரம் வண்டியக் குடுங்க. லாய் தியூ வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வர்றதுதான் போட்டி."

"லாய் தியூவா!" மரியம் துள்ளினார். "எங்க அப்பா தோட்டம் அங்கதானே இருக்கு! நாங்களும் அங்கதான் கிளம்புனோம். எந்தம்பி பட்டாளத்துலேந்து மூணு நாள் லீவுல வந்திருக்கான். மதியம் திரும்பப் போயிடுவான். அதுக்குள்ள அவனுக்கு இந்தப் பிரியாணியக் குடுக்கணும்."

பின்சீட்டில் பிரியாணிப் பாத்திரமான தேக்சா ஒன்று, துணி போட்டுக் கட்டி, பெரிய மனிதர் போல உட்கார்ந்திருந்தது.

"நாங்க கொண்டுபோய்க் குடுத்துடறோம் அக்கா. நீங்க..."

"அந்த ஊரு சந்து பொந்து ஒனக்குத் தெரியுமா? எங்கப்பா இருபது வருஷம் அந்தப் பக்கம் டாக்சி ஓட்டுனவரு. நாந்தான் வழி சொல்லுவேன்." முன்சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தியும் விட்டார்.

மரைக்காயர் என்னைப் பார்த்தார். "எம் வண்டி, எம் பொண்டாட்டி, எம் பிரியாணி. மூணையும் அனுப்பிட்டு நா இங்க என்னாத்தப் பண்றது? தள்ளு, நானும் ஏறிக்கிறேன்."

5. லாய் தியூ போன கதை

தேக்சாவைப் பின்சீட்டிலிருந்து எடுத்து முன் டிக்கியில் வைத்தேன். மரைக்காயருக்குப் பதற்றம். "என்னாப்பா, பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டுற?" முன்பக்கம் பாரம் வேண்டும், அப்போதுதான் ஸ்டீயரிங் நிற்கும் என்றேன். அன்று எங்கள் கார் ரோட்டில் பிடித்து ஓடியதற்கு முதல் காரணம் பிரியாணி, இதை எந்த இன்ஜினியரிடமும் அடித்துச் சொல்வேன்.

கிளப் மைதானத்தில் டாக்டரின் கறுப்புப் பட்டை வண்டியைப் புளியமரத்தடியில் விட்டோம். அதன் கதவில் ஒட்டியிருந்த ஏழாம் எண் காகிதத்தைப் பிய்த்து, டாக்டர் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியால் மரைக்காயர் வண்டியில் ஒட்டினேன். முதலாளி மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார், அது முடிந்துதான் வருவார். எங்களுக்கு முன்னும் பின்னும் பளபளவென்று பதினைந்து வண்டி. கொடி அசைப்பவர் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முன்னால் டாக்டரும் தலையில் முக்காடு போட்ட மரியமும். பின்னால் வெள்ளைக் கோட்டில் நான், குல்லாய் போட்ட மரைக்காயர். "குடும்பமா?" என்று கேட்டார். "ஆமாம்," என்றார் டாக்டர், யோசிக்காமல்.

எங்கள் முறை வந்ததும் கொடி விழுந்தது.

அம்மாடி! சோப்புப் பெட்டி அப்படிப் பாயும் என்று பதினோரு வருஷம் அதற்கு அடியில் படுத்திருந்த எனக்கே தெரியாது. மரைக்காயர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "பிஸ்மில்லா" என்று ஆரம்பித்தவர், அடுத்த மூன்று தெருவுக்கும் நிறுத்தவே இல்லை. ஹோண்டா பைக்குகள், ரிக்‌ஷாக்கள், ராணுவ ஜீப் எல்லாம் பின்னால் போயின. குடும்ப வண்டியின் மெத்தென்ற ஸ்பிரிங் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தது. மரைக்காயர் ஒரு திருப்பத்தில் என் மடியில், அடுத்த திருப்பத்தில் நான் அவர் மடியில். மரியம் ஒவ்வொரு திருப்பத்திலும் "சோய் ஓய்!" என்றார். வியட்நாம்காரர்கள் 'கடவுளே' என்பதற்குச் சொல்வது. அவர் சொன்ன விதத்தில் பயம் துளியும் இல்லை.

'பின் யுவோங்' சாலையில் பாலத்துக்கு முன்னால் போக்குவரத்து எல்லாம் நின்றது. ராணுவ லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, முடிவே தெரியவில்லை. எங்களுக்கு முன் கிளம்பிய ஆறு வண்டியும் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. திங்கட்கிழமையும் என் கோட்டும் என் கண் முன்னால் வந்து நின்றன.

"வலது பக்கம் திருப்புங்க," என்றார் மரியம்.

"அது வழியா?" என்றார் டாக்டர். இரண்டு வாழைமரத்துக்கு நடுவே ஒரு சேற்றுத் தடம் தெரிந்தது.

"கோழி போவும். கோழி போனா நாமளும் போவலாம்."

போனோம். இரண்டு பக்கமும் தோட்டம், நடுவே வாய்க்கால், பலகைப் பாலம். மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது நிமிஷம் ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் "நிறுத்துங்க!" என்று மரியம் கத்தினார். அவர் அப்பா வீடு.

"அக்கா, போட்டி!"

"ரெண்டே நிமிஷம் தம்பி. வந்துட்டு எறங்காமப் போறதா?"

ராணுவ உடுப்பில் மெலிந்த ஓர் இளைஞன் ஓடி வந்தான். பெட்டிகூடக் கட்டி வாசலில் தயாராக இருந்தது. மரியம் டிக்கியைத் திறந்து, தேக்சா மூடியைத் தூக்கி, அங்கேயே நின்றபடி ஒரு பிடி எடுத்து அவன் வாயில் ஊட்டினார். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், மரியத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மனிதனே இல்லை.

தேக்சா இறங்கியதும்தான் எனக்கு உறைத்தது. முன்பக்கம் காலி! இப்படியே போனால் சேற்றுத் தடத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் வண்டி பறக்கும், ஆனால் திரும்பாது. அப்பாவிடம் இதைச் சொல்லும்படி மரியத்தைக் கேட்டேன். டாக்சிக்காரர் அல்லவா, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டு இரண்டு மூட்டை பம்ப்ளிமாஸ் பழத்தைத் தூக்கி வந்து டிக்கியில் போட்டார். பிறகு இன்ஜின் உறுமலைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

அந்தப் பார்வைதான் மரைக்காயரைக் கெடுத்தது. லாய் தியூவில் வந்து சேர்ந்ததற்கு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் கண்ணை மூடவே இல்லை. முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு வந்தார். "முந்துங்க டாக்டர்! அந்த நீல டாக்சி முன்னால போவுது பாருங்க, நமக்கு மானம் ஈனம் இல்லயா?"

"மெதுவாப் போவச் சொல்லவா?" என்று மரியம் வம்புக்கு இழுத்தார்.

"நீ சும்மா வழியச் சொல்லு புள்ள!"

6. பொட்டா, சீலா?

மைதானத்தில் முதலாளி புளியமரத்தடியில் நின்றிருந்தார். தலையில் கை. கறுப்புப் பட்டை வண்டி கிளம்பவே இல்லை என்று நினைத்து அவர் உயிர் பாதி போயிருந்தது. அப்போதுதான் கதவில் பிளாஸ்திரியும் கூரை வரை சேறுமாக மரைக்காயர் வண்டி எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து நின்றது. டிக்கி படாரென்று திறந்துகொண்டு பம்ப்ளிமாஸ் பழங்கள் உருண்டன. ஒன்று முதலாளியின் காலடி வரை போனது.

இரண்டாவது இடம். முதலிடம் போன வண்டிக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது ஒன்றரை நிமிஷம்.

"மோன் தியே," என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார் முதலாளி. காரைப் பார்த்தார், மரைக்காயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

முதல் மூன்று வண்டிகளின் இன்ஜின் எண்ணைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஓய்வு பெற்ற ராணுவக்காரர், விறைப்பானவர். பின்பக்கம் குனிந்தவர் நிமிர்ந்தார். "இங்கே சீல் வைத்திருக்கிறது. மஞ்சளும் சிவப்பும். பாதி உடைக்கப்பட்டிருக்கிறது. யார் உடைத்தது?"

அது சீல் இல்லை, சந்தனம் என்று விளக்க எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதவில்லை. மரியம் முன்னால் வந்து வியட்நாம் மொழியில் படபடவென்று பேசினார். தொழில் செய்கிற சாமானுக்கு வருஷத்தில் ஒரு நாள் எங்கள் ஆட்கள் கும்பிடுவார்கள் என்றும், அதற்கு வைத்த பொட்டு இது என்றும் சொன்னார். அதிகாரியின் முகம் இளகியது. பிறை மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவரும் தன் ஜீப்புக்கு ஊதுவத்தி ஏற்றிப் பழம் வைக்கிறவராம்.

"அப்படியானால் மீதியைச் சுரண்ட வேண்டாம்," என்றார். கண்ணாடியைப் போட்டு, பாதிச் சந்தனத்துக்கு இடையே தெரிந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்து, விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு பம்ப்ளிமாஸையும் எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் இரண்டாம் பரிசுக் கோப்பையைத் தூக்கி மரியத்தின் கையில் கொடுத்தார். மரைக்காயர் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "பிரியாணிக்கு நிறுத்தாம இருந்தா மொத எடம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் என் தோளருகே வந்து, "நாளைக்குக் காலைல ரூமுக்கு வா," என்றார்.

7. திங்கட்கிழமை

முதலாளி கேட்பதற்கு முன் கோட்டைக் கழற்றி, மடித்து, அவர் மேஜையில் வைத்தேன். துவைத்தும் சேறு முழுதாகப் போகவில்லை. சாக்கட்டி, பூஜை, சந்தனம், இடம் மாறியது, ஓட்டிப் பார்க்காதது, உறுமலை மழை ஈரம் என்று சொல்லிக்கொண்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"ஸ்டாண்ட மாத்தி வச்சது யாரு?"

"அது யாரா இருந்தா என்ன முசியே. மாட்டினது நான். நம்பரப் பாக்காதது நான்."

"கோவிந்து இப்பத்தான் வந்து அழுதுட்டுப் போனான், மாத்தினது அவன்தான்னு." முதலாளி எழுந்து கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினார். "வண்டி மாட்டு வண்டி மாதிரி போகல. அதனால உன்ன கேட்டுக்கு வெளிய அனுப்ப முடியாது. ஆனா எந்த இன்ஜின் எதுன்னு தெரியாதவன் ஷெஃப் இல்ல. மூணு மாசம் நீல உடுப்பு. உள்ள வர்ற ஒவ்வொரு இன்ஜின் நம்பரையும் உன் கண்ணால படிச்சு, உன் கையால எழுது. பொட்டு இருந்தா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுச் சுரண்டு."

சொல்லிவிட்டுத் திரும்பியவருக்கு அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "குடும்பமான்னு கேட்டானாமே!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அன்றே இரண்டு இன்ஜினையும் கோவிந்துவும் நானும் அவரவர் வண்டிக்கு மாற்றினோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மரைக்காயரும் மரியமும் ஏதோ பிள்ளையைப் படிக்க வெளியூர் அனுப்புகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் நீல உடுப்பில் குனிந்து குனிந்து எண் படித்தேன். சாக்கட்டி அழியும், ஸ்டாண்டு உருளும், நினைவும் இடம் மாறும். இரும்பில் குத்திய எண் அங்கேயே இருக்கும், நாம்தான் குனிய வேண்டும். இளையவர்களுக்கு என் தொழிலிலிருந்து கொடுக்க என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அதையும் கோட்டைப் பறிகொடுத்துத்தான் கற்றேன்.

கோட்டு திரும்பக் கிடைத்த அன்று காலை முதல் ஆளாக வந்து நின்றது மரைக்காயர் வண்டி. ஓட்டி வந்தவர் மரியம். பக்கத்து சீட்டில் மரைக்காயர், ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்தபடி.

"சவரித் தம்பி, ஒங்க ஆயுத பூஜ அடுத்தது எப்ப வருது?"

"அதுக்கு இன்னும் ஒம்பது மாசம் இருக்கே அக்கா. ஏன்?"

"கிளச்சு தேயிற மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பூஜைக்கு முந்துன நாளு வண்டியக் கொண்டாந்து வுட்டுடறோம். டாக்டரையும் வரச் சொல்லியாச்சு. கோவிந்துகிட்ட மட்டும் சந்தனத்த நல்லா கெட்டியா வைக்கச் சொல்லு."

மரைக்காயர் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் குல்லாய் மேலும் கீழும் ஆடியது.

கோட்டுப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய், குனிந்து, முதலில் எண்ணைப் படித்தேன்.